மதகும் பதுங்குகுழியும்

எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு மதகு இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் மதகடிப்பட்டு என்றால் செவ்வாய்க்கிழமை மாட்டுச்சந்தையைச் சொல்வார்கள். சற்று விவரம் அறிந்தவர்கள் குண்டாங்குழி மகாதேவர் கோயிலைச் சொல்வார்கள். மதகை யாரும் சொல்வதில்லை. முதல் உலகப் போரின் பதுங்குகுழிப் போர்முறையைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சொல்லை நான் நின்று கவனித்தேன்.

தமிழ் நினைவில் அந்தப் போர் ஒரு கப்பலாகவே தங்கியிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன், எமகாதகனைக் குறிக்கும் சொல்லாக நம் பேச்சில் கலந்துவிட்டது. மேற்குப் போர்முனையின் பதுங்குகுழிகளிலிருந்து அப்படி ஒரு சொல்லும் நமக்கு வந்து சேரவில்லை. இத்தனைக்கும் பிரெஞ்சிந்தியாவிலிருந்து பிரான்சின் படையில் சேர்ந்து சென்றவர்கள் உண்டு. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அருகில், 1938இல் திறந்துவைக்கப்பட்ட நினைவுச்சின்னம் அவர்களில் மாண்டவர்களுக்கானது. ஒவ்வொரு ஜூலை 14 அன்றும் அதற்கு விளக்கலங்காரம் செய்கிறார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்குள் எழும் கேள்வி எளிமையானது: அந்த மனிதர்கள் அங்கே பகல் முழுக்க என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள்?

வாசித்தவரையில் விடை இதுதான்: பெரும்பாலும் மண் வெட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். 1914இன் இறுதிக்குள் சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வடகடல்வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்துக்குப் பதுங்குகுழிகள் தோண்டப்பட்டுவிட்டன. நிமிடத்துக்கு 500 தோட்டாக்களைப் பொழியும் இயந்திரத் துப்பாக்கியின் முன்னால் நிமிர்ந்து நிற்பவன் பிழைக்க முடியாது என்பது முதல் சில மாதங்களிலேயே தெரிந்துபோயிற்று. குழியை நேர்கோட்டில் வெட்டமாட்டார்கள். சில கஜத்துக்கு ஒருமுறை வளைத்து, மடக்கி வெட்டுவார்கள். ஓரிடத்தில் விழும் குண்டின் சிதறல் அடுத்த மடிப்புக்குப் போகாது. உள்ளே குதித்துவிட்ட எதிரியும் குழியின் நீளம் முழுக்கச் சுட முடியாது. அடியில் ஊறும் நீரை இறைக்க வேண்டும், சரியும் கரைக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். வாய்க்கால் வெட்டி, வரப்புக் கட்டிப் பழகிய எவருக்கும் புரியக்கூடிய வேலை.

ஆயுதங்களும் அந்தக் குழிக்கேற்ப மாறின. பிரான்சு பெருமையோடு வைத்திருந்த 75 மில்லிமீட்டர் பீரங்கி திறந்தவெளிப் போருக்கானது. தாழ்வாகப் பறக்கும் அதன் குண்டு குழிக்குள் இருப்பவனைத் தொடாமல் தாண்டிப்போகும். எனவே குண்டை மேலே எறிந்து செங்குத்தாக விழச்செய்யும் மோர்ட்டார்கள் தேவைப்பட்டன. அவையும் போதாதபோது, 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ரு நகரருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டனர். காற்றைவிடக் கனமான அவ்வாயு, தண்ணீரைப்போலப் பள்ளத்தைத் தேடிப்போய் நிறைந்தது. அதை முதலில் சுவாசித்தவர்களில் பிரெஞ்சுப் படையின் அல்ஜீரியப் பிரிவினரும் இருந்தனர்.

முள்கம்பியின் கதை வேறு. அமெரிக்கப் புல்வெளிகளில் மாடுகளைத் தடுப்பதற்காக 1870களில் பரவிய பொருள் அது. மாட்டுச்சந்தை ஊர்க்காரனான எனக்கு இதை வாசித்தபோது ஒருகணம் மேலே வாசிக்க இயலவில்லை. 1916 ஜூலை 1 அன்று சோம் ஆற்றுப் போர்முனையில், ஒருவார காலப் பீரங்கித் தாக்குதலுக்குப் பிறகும் பல இடங்களில் அறுபடாமல் கிடந்த கம்பிகளின் முன்னால் பிரிட்டானியப் படையினர் கூட்டங்கூட்டமாக வீழ்ந்தனர். அந்த ஒரே நாளில் இறந்தவர்கள் 19,240 பேர். கம்பியை அறுக்க ஓர் எளிய வழியும் இருந்தது. வெடிமருந்து நிரப்பிய குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திக் கம்பிக்கு அடியில் தள்ளி வெடிக்கச்செய்வது. அதை 1912இல் உருவாக்கியவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் அதிகாரி மெக்ளின்டாக். தமிழர்கள் திரளாகப் பணியாற்றிய படை அது. இன்றும் அக்கருவியின் பெயர் ‘பெங்களூர் டார்பிடோ’தான்.

மதகுக்கு வருகிறேன். 1914 அக்டோபர் இறுதியில் பெல்ஜியத்தின் கடைசித் துண்டு நிலமும் கைவிட்டுப் போகவிருந்தது. அப்போது நியூபோர்ட் என்ற சிற்றூரின் மதகுகளைத் திறந்தார்கள். அங்கு நிலம் தாழ்வு. கடல் ஏறும்போது மதகைத் திறந்து, வற்றும்போது மூடினால் நீர் வயலிலேயே நின்றுவிடும். ரயில்பாதையின் மேட்டைக் கரையாக்கி, அதன் அடியிலிருந்த மடைகளை அடைத்தார்கள். வழி சொன்னவர்களில் ஒருவர் காரெல் கோகே என்ற நீர்ப்பாசன மேற்பார்வையாளர். இரவில் மதகைத் திறக்கப் போனவர்களில் ஒருவர் ஹெண்ட்ரிக் கேரார்ட் என்ற படகோட்டி. சில நாட்களில் ஜெர்மானியர் பின்வாங்கினர். போர் முடியும்வரை அந்த வெள்ளம் அங்கேயே நின்றது. தளபதிகள் அறியாத ஒன்றை, எந்த மடையைத் திறந்தால் எந்த வயல் நிறையும் என்பதை, ஊரில் நீரைப் பார்த்துக்கொண்டவர் அறிந்திருந்தார். அவர் காப்பாற்றியது நாட்டை. அதற்கு விலையாகக் கொடுத்தது விளைநிலத்தை, அதுவும் உப்புநீருக்கு.

எனக்கு இதில் பெருமிதமும் கலக்கமும் சமமாகவே இருக்கின்றன. உழவனின் வேலி, வரப்பு, மடை, மண்வெட்டி எல்லாம் அந்தப் போரில் ஆயுதமாயின. ஆயுதத்தைச் செய்தவர்கள் திரும்பிப்போன பிறகும் நிலம் அதைத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது. பெல்ஜியத்திலும் வடபிரான்சிலும் இன்றும் ஏர் உழும்போது வெடிக்காத குண்டுகள் மேலே வருகின்றன. ‘இரும்பு அறுவடை’ என்று அதற்குப் பெயரே உண்டு.

தொலைவில் உள்ளோரின் துயரம் என்று இதைக் கடந்துவிட முடியாது. யாழ்ப்பாணத்தின் வாசலில் முகமாலையில் 2000 முதல் 2009 தொடக்கம்வரை இரு படைகளும் மண்ணணைகளுக்கும் பதுங்குகுழிகளுக்கும் பின்னால் எதிரெதிரே இருந்தன. உலகிலேயே மிக அடர்த்தியாகக் கண்ணிவெடி விதைக்கப்பட்ட நிலங்களுள் ஒன்றாயிற்று அது. போர் முடிந்து பத்தாண்டுகளுக்குப் பின்னும் அங்கே மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்களில் பலர் அவ்வட்டாரத்துப் பெண்கள். தங்கள் நிலத்தில் மறுபடி ஒரு தென்னங்கன்று வைப்பதற்கு முன்னால் செய்தாக வேண்டிய வேலை அது.