மழையில் நனையும் தாய்

2023 ஐப்பசியில் ஒரு பயிற்சிக்காக ஜேர்மனி செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. பேர்லின் நகரில் வசிக்கும் என் பல்கலைக்கழகத் தோழி, ஊர் சுற்றிப் பார்க்க என்னை அழைத்தாள். அவளுடைய பக்கத்து வீட்டு ஜேர்மன் அம்மாவும் எங்களோடு வந்தார். எழுபது வயதைக் கடந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை.

"மாளிகைகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் எங்கள் வாசலைப் பாருங்கள்" என்றார் அவர்.

அவர்களுடைய மாடிக் குடியிருப்பின் முன், நடைபாதையில் உள்ளங்கை அளவான மூன்று பித்தளைக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. இன்னார் இங்கே வாழ்ந்தார், இந்த ஆண்டில் பிறந்தார், இந்த ஆண்டில் கொண்டுசெல்லப்பட்டார், இந்த இடத்தில் கொல்லப்பட்டார் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. ஹிட்லரின் ஆட்சியில் கொல்லப்பட்ட யூதர்கள் முதலானோருக்காக குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய வேலை இது. 2023 இல் இத்தகைய கற்கள் 1 இலட்சத்தை எட்டிவிட்டன.

அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, குனிந்து கற்களைத் துடைத்தார். ஏதோ சொன்னார். தோழி தமிழில் சொன்னாள்: "தன்ர அப்பாவும் அந்த இராணுவத்திலை இருந்தவராம். செய்தது தங்கட ஆக்கள், துடைக்க வேண்டியதும் தாங்கள்தானாம்." எனக்குப் பேச்சு வரவில்லை.

நகரப் புகையிரதத்தில் ஏறி, அடுத்து ரோசாத் தெரு என்று பொருள்படும் ஒரு சிறிய தெருவுக்குப் போனோம். 1943 பெப்ரவரி இறுதியில், யூதரல்லாத பெண்களை மணந்திருந்த யூத ஆண்கள் பலரைப் பிடித்து இங்கிருந்த கட்டடமொன்றில் அடைத்தார்கள். மனைவிமார் குளிரில் வந்து நின்று தங்கள் கணவன்மாரைத் திருப்பிக் கேட்டார்கள். ஒரு வாரமளவில் விடுதலை தொடங்கியது. பெண்கள் நின்றதுதான் காரணமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அவர்கள் நின்றது மட்டும் உண்மை. 1995 இல் அவர்களுக்காக அங்கே சிவந்த கல்லில் நினைவுச் சிலை வைத்திருக்கிறார்கள்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடி எனக்கு நினைவில் வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் அங்கே வந்து அமர்ந்தார்கள். வாரங்கள் வருடங்களாயின. பதில் கிடைக்காமலே பல தாய்மார் கண்ணை மூடிவிட்டார்கள்.

பின்னேரம் 'நொய வாஹ' என்ற பழைய காவற்கட்டடத்துக்குப் போனோம். பெரிய மண்டபம், வெறுமையாக இருந்தது. நடுவில் ஒரு தாய், இறந்த மகனை மடியில் அணைத்தபடி இருக்கிறாள். அவளுக்கு நேர் மேலே கூரையில் வட்டமான திறப்பு. மழையும் பனியும் அவள்மேல்தான் விழும். அன்றும் தூறல். அவள் நனைந்துகொண்டிருந்தாள்.

கேத்த கொல்விட்ஸ் என்ற பெண் கலைஞரின் சிறிய சிற்பத்தைப் பெரிதாக்கி 1993 இல் அங்கே வைத்தார்கள். அவருடைய இளைய மகன் பீற்றர், முதலாம் உலகப் போரில் 1914 ஒக்ரோபரில் 18 வயதில் இறந்தான். வயது போதாததால் படையில் சேரப் பெற்றோரின் சம்மதம் தேவைப்பட்டது. தகப்பன் மறுத்தார். அவரைப் பேசி இணங்க வைத்தவர் தாய்தான். அந்தப் பாரம் கடைசிவரை அவரை விடவில்லை.

நான் வீடு வீடாகப் போகும்போது அடிக்கடி கேட்கும் சொல்லும் 'நான்தான்' என்பதே. நான்தான் கையை விட்டனான். நான்தான் தண்ணி எடுக்க அனுப்பினனான்.

ஊர் திரும்பியதும், முல்லைத்தீவுப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்கு அந்தச் சிலையின் படத்தைக் காட்டி, கதையையும் சொன்னேன். 2009 இல் மகனைத் தொலைத்தவர். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இவ மகனை மடியிலையாவது வைச்சிருக்கிறா. எனக்கு அதுவும் இல்லை."

சொல்ல நினைத்திருந்த ஆறுதல் எதுவும் என் வாயில் வரவில்லை. பேசாமல் பக்கத்தில் இருந்தேன். சற்று நேரத்தால் அவராகவே, மகனுக்கு எந்தக் கறி விருப்பம், எந்தப் பாட்டு விருப்பம் என்று சொல்லத் தொடங்கினார். அன்று 'நான்தான்' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

சகோதரிகளே, எங்கள் வாசல்களில் பித்தளைக் கல் பதிக்க எவரும் இன்னும் வரவில்லை. அதுவரை நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகலாம். பிள்ளையின் பெயரைக் கேட்கலாம். அந்தப் பெயரைத் தாய் வாய்விட்டுச் சொல்லட்டும்.