டெபிட், கிரெடிட், தெரிதா

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும், தெரிதா தெரியாது. நாற்பது வயசுக்கு மேல் ஆசை வந்து, ஒரு பேராசிரியரிடம் ஞாயிறுதோறும் இலக்கியக் கோட்பாடு படிக்கப் போனேன்.

முதல் பாடம், புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'சாப விமோசனம்'. ராமனால் கல்லிலிருந்து பெண்ணான அகலிகை, அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டு ஆடிப்போகிறாள். கடைசியில் மறுபடி கல்லாகிறாள். 'பெண்ணிய வாசிப்பு' என்று தலைப்புப் போட்டு, ராமனைக் கூண்டில் ஏற்றி மூணு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். 1967-ல் ஆசிரியனுக்கே மரணம் அறிவித்த ரோலாண் பார்த்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். சும்மா, ஒரு கெத்துக்கு!

சார் படித்துவிட்டுக் கேட்டார்: ''அவ கல்லானப்போ பக்கத்துல இருந்தது யாருங்க?''

புரட்டினேன். ராமன் இல்லை. கோதமன். சபித்ததற்காக வருந்திய புருஷன். அவன் அணைக்கிறபோதுதான், அவன் உருவத்தில் வந்த இந்திரன் ஞாபகம் வந்து இறுகிப்போகிறாள். கணக்கு நேரானதெல்லாம் அவன் பேரேட்டில் மட்டும்தான் போல.

''யார் கெட்டவன்னு தேடாதீங்க. அந்தக் கை அவளுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. பெண்ணிய வாசிப்பு அங்கதான் ஆரம்பிக்குது'' என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில், ஆபீஸிலிருந்து தாமதமாக வந்த மனைவியிடம் கேட்கக் கூடாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, மறுநாளே மன்னிப்பும் கேட்டவன் நான். அன்று ராத்திரி மெதுவாக ஆரம்பித்தேன்.

''ரொம்ப வருஷம் முன்னாடி உன்கிட்ட ஒண்ணு கேட்டேனே...''

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

''எது, அந்தச் செவ்வாய்க்கிழமையா?''