மொழியியல் மாணவருக்கு விளம்பர நிறுவனத்தில் என்ன வேலை?

முதுகலை மொழியியலை நிறைவுசெய்யவிருக்கும் மாணவர்கள் சிலர் அண்மையில் ஒரே வினாவை வெவ்வேறு சொற்களில் கேட்டனர்: விளம்பர நிறுவனத்தில் உள்ளகப் பயிற்சி பெறுவது ஆய்வு வாழ்க்கைக்கு இழுக்காகுமா? தனித்தனியே விடை எழுதுவதைவிட இங்கே பொதுவில் எழுதுவது பயன்தரும் என எண்ணுகிறேன்.

இழுக்கன்று. நம் துறையின் முன்னோர் இத்தகைய மொழியை ஒதுக்கிவைத்ததில்லை. ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளியான கட்டுரையில், மொழியின் கவிதைச் செயற்பாட்டை விளக்க எடுத்துக்கொண்டது ஐசனோவரின் தேர்தல் முழக்கமான ‘ஐ லைக் ஐக்’. ரொலாண் பார்த் 1964இல் ஒரு பாஸ்தா விளம்பரத்தைக் கொண்டே படிமத்தின் அணியியலை ஆராய்ந்தார். ஜெஃப்ரி லீச் 1966இல் ஆங்கில விளம்பர மொழியைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

முதுகலை முடித்த கோடையில் மும்பையிலுள்ள ஒரு நிறுவனத்தில் இரண்டு மாதம் பயின்றேன். மனிதவளப் பிரிவுகளுக்கு அனுப்பிய பொது விண்ணப்பங்கள் எதற்கும் மறுமொழி வரவில்லை. வாயிலைத் திறந்தது இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றே. அப்போது தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த ஐந்து இந்தி விளம்பரங்களின் தமிழ் வடிவங்களை எடுத்து, எவ்விடத்தில் தமிழ் பிசகுகிறது, ஏன், மாற்றாக என்ன எழுதலாம் என்று விளக்கி, பிராந்திய மொழிப் பிரிவின் தலைவருக்கு அனுப்பினேன். மதிப்பெண் பட்டியலை அவர் கேட்கவே இல்லை. நேர்காணலுக்கு முன் இந்திய விளம்பரத் தர மன்றத்தின் நெறிமுறைகளையும் படித்துச் செல்லுங்கள். 1985இல் அமைந்த அம்மன்றம், பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரத்தின் உரிமைகோரல் அமைந்த மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்கிறது. மொழியியலாளருக்கு அங்கே வேலை உண்டு என்பதற்கு இதுவே சான்று.

பயிற்சியில் கற்றவை பாடநூலில் கண்டவையே. ஆயின் அங்கே அவற்றுக்குக் காலக்கெடு இருந்தது. முப்பது நொடிப் படத்துக்குக் குரல்மாற்று வரிகள் எழுதும்போது, இந்தி பேசும் நடிகரின் இதழ்கள் மூடும் இடத்தில் தமிழிலும் பகரமோ மகரமோ வந்தாக வேண்டும். ஒட்டுநிலை மொழியான தமிழில் சொற்கள் நீள்கின்றன; நொடிகள் நீள்வதில்லை. அச்சு விளம்பரத்தில் ஏற்புடைய எழுத்துவழக்கு, வானொலியில் செய்தியறிக்கைபோல் ஒலிக்கும். பேச்சுவழக்கு என்றாலோ மதுரையா, கோவையா, சென்னையா என்ற வினா உடனே எழும்.

எனினும் என்னை மிகவும் சிந்திக்கவைத்தது பின்மொழிபெயர்ப்பு. விளம்பரத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரிக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. நாம் எழுதிய தமிழ் வரி ஆங்கிலமாக்கப்பட்டு அவர் மேசைக்குச் செல்லும். அந்த ஆங்கிலத்தைப் பார்த்தே அவர் முடிவெடுப்பார். ‘வந்துவிட்டது’, ‘வந்தாச்சு’ இரண்டும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடுகின்றன. பின்னதில் உள்ள காத்திருப்பும் நிம்மதியும் வழியிலேயே உதிர்ந்துபோகின்றன. இதனால், ஆங்கிலத்தில் நன்றாகத் தோன்றும் தமிழே பிழைத்து, தமிழில் நன்றாக ஒலிக்கும் தமிழ் கழிக்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு வரியோடும் நேர்ப்பொருள், தொனி, இவ்வடிவைத் தேர்ந்த காரணம் என மூன்று வரிக் குறிப்பு இணைக்கத் தொடங்கினேன். இரண்டாம் மாதத்தில் அக்குறிப்பு இல்லாமல் தமிழ் வரிகளை அனுப்ப வேண்டாம் எனப் பிரிவின் தலைவரே கூறினார். என் முனைவர் பட்ட ஆய்வுத் தலைப்பு அக்குறிப்புகளிலிருந்தே கிளைத்தது.

ஆய்வுக்குச் செல்ல எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை. பணியில் காணும் வரைவுகள் வாடிக்கையாளரின் உடைமை. மறைகாப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டபின் அவற்றை ஆய்வேட்டில் பயன்படுத்த இயலாது. எனவே வெளியாகிவிட்ட விளம்பரங்களையே நான் தரவாகக் கொண்டேன். நாள்தோறும் கற்றதைப் பொதுவான சொற்களில் குறித்துவைத்தால் அதுவே போதும்.

இனி, பலரும் பேசத் தயங்கும் பணம். எனக்குக் கிடைத்த உதவித்தொகை மாதுங்காவில் நான் தங்கிய அறையின் பாதி வாடகைக்கே போதவில்லை. எஞ்சியதை என் தமையன் தந்தார். எங்கள் வகுப்பில் என்னைவிட நுண்செவி வாய்த்த தோழி ஒருத்தி இருந்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேறொரு நிறுவனம் அவளைத் தேர்ந்தெடுத்தது. ஊதியமில்லை என்றதும் அவள் மறுத்துவிட்டாள். அவள் எழுதியிருக்கக்கூடிய தமிழ் எந்தத் திரைக்கும் வரவில்லை.

ஆதலால் ஒப்புக்கொள்ளும் முன் நான்கு செய்திகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள்: உதவித்தொகை எவ்வளவு, பணிநேரம் என்ன, உங்கள் எழுத்தைத் திருத்துபவர் யார், ஊரிலிருந்தே பணியாற்ற இயலுமா. திருத்துபவர் ஒருவரும் இல்லையெனில் அது பயிற்சியன்று, இலவச உழைப்பு. துறைத்தலைவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: பயிற்சியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கும்போது தங்கும் செலவுக்கான நிதியையும் சேர்த்தே முன்மொழியுங்கள். என் தோழிக்கு அன்று தேவைப்பட்டது இரண்டு மாத அறை வாடகை மட்டுமே.