மூன்று மெழுகுவர்த்திகள்

மின்சாரம் போனால் ஏற்றுவதற்கென்று நான் வாங்கி வைத்த மெழுகுவர்த்திகள் அலமாரியில் குறைந்துகொண்டே வந்தன. திருடியது ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பெண்தான்.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே மெழுகுவர்த்தியை ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தாள். சுடர் அணைந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது. நானும் அந்த வயதில் உருப்போட்ட சோதனைதான். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. அது எரிந்து தீர்ந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. உருப்போட்டேனே தவிர, செய்து பார்த்ததில்லை. எங்கள் பள்ளியில் சோதனைக் குழாய்களெல்லாம் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தன.

"அப்பா, எரியும்போது ஏறவில்லையே! அணைந்த பிறகுதானே குபுகுபுவென்று ஏறுகிறது?" என்றாள். பிறகு மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றிக் கவிழ்த்தாள். தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறிற்று. "மூன்று ஏற்றினால் டம்ளரில் பிராணவாயு அதிகமாகிவிடுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம். பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதை எழுது" என்றேன். எழுதினாள். முழு மார்க்.

பிற்பாடு ஒரு கதைக்காக எதையோ தேடப்போய் விஷயம் அகப்பட்டது. பிராணவாயு முழுவதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடுகிறதாம். சூட்டில் விரிந்திருந்த காற்று, அணைந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று சுடரென்றால் சூடு அதிகம், சுருக்கமும் அதிகம். அவள் கண்டது சரி; புத்தகமும் நானும்தான் தப்பு.

அதே தேடலில் இன்னொன்றும் படித்தேன். மத்தியப் பிரதேசத்தில், அந்நாளைய ஹோஷங்காபாத் ஜில்லாவில், 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கினார்கள். ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் சிறு கூட்டங்களாக உட்கார்ந்து, தாங்களே சோதனை செய்து, கண்டதைத் தங்கள் வார்த்தையில் எழுத வேண்டும். பரீட்சைக்குப் புத்தகத்தையே கொண்டுபோகலாம்! உருப்போட ஏதுமில்லையே. முப்பது வருஷம் நடந்த அதை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. பிள்ளைகளைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்றிரவே என் பெண்ணிடம் போய், "நீ சொன்னதுதான் சரி" என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"பரீட்சைதான் முடிந்துவிட்டதே, அப்பா" என்றாள்.

அலமாரியில் மெழுகுவர்த்திகள் இப்போது குறைவதில்லை. போன வாரம்கூட எண்ணிப் பார்த்தேன்.