புக்கிட் பூத்துஸ் ஏற்றமும் கொதித்த காடியும்

பகாவிலிருந்து சிரம்பானுக்குப் புறப்பட்டால் பத்து கிக்கிர், ஜுவாசே, கோலப்பிலா, தெராச்சி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இருபுறமும் செம்பனை, நடுநடுவே எஞ்சி நிற்கும் பால்மரக்காடு, அப்புறம் மலாய்க் கம்பங்கள். கோலப்பிலாவில் சீனப் பாணியில் ஒரு வளைவு நிற்கிறது. நெகிரி செம்பிலானின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த மார்ட்டின் லிஸ்டரின் நினைவாக எழுந்தது. தெராச்சியைத் தாண்டினால் காற்று குளிர்ந்துவிடும். உலு பெண்டுல் அருவித் தண்ணீரில் பிள்ளைகள் குதிப்பார்கள். 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலைக்கு ஏறுகிறவர்களும் அங்கேதான் காடியை நிறுத்துவார்கள்.

அதற்குமேல் புக்கிட் பூத்துஸ். அறுபட்ட மலை என்று பொருள். 1875ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தக் கணவாயில் அரண் போட்டு நின்றவர்களோடு ஆங்கிலேயப் படை மோதியது. அந்தச் சண்டைக்காகக் கேப்டன் சானர் என்பவருக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது. புதுச் சாலை போடுவதற்கு முன், இம்மலையை வளைந்து வளைந்து ஏறிக் கடப்பதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் வாந்தி எடுத்துவிடுவார்கள். இப்போது அகலச் சாலை வந்துவிட்டது. ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தானே! என் பழைய புரோட்டோன் இஸ்வாராவுக்கு அது நன்றாகத் தெரியும்.

எங்கள் வரிசையில் குடியிருக்கும் பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் பால்வெட்டியவர். இரண்டு கண்ணிலும் புரை. மகன் ஜொகூர் பாருவில் வேலை செய்கிறான். மாதக்கணக்கில் காத்திருந்து, சிரம்பான் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைத்தது. "சார், நீங்கதான் கொண்டுபோய் விடணும்" என்று கேட்டார். விடியற்காலையில் புறப்பட்டோம். கோலப்பிலாவில் பசியாறினோம். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. உலு பெண்டுல் தாண்டி, பாதி ஏற்றத்தில் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

ஓரத்தில் நிறுத்தினேன். பதற்றத்தில் துணியைப் பிடித்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். பெரியம்மாதான், "ஐயோ சார், குக்கரு மாதிரி இரையுதே, தொடாதீங்க!" என்று கத்தினார். கண் மங்கியவருக்குக் காது சரியாக வேலை செய்தது. அவர் சொன்னது முற்றிலும் சரி. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ 118, 120 பாகை வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும். அவ்வளவு தண்ணீரும் அந்த நொடியே பொங்கி முகத்தில் அடிக்கும். என் உறவுக்காரர் ஒருவரின் மார்பிலும் கையிலும் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. தெரிந்தும் நான் கையை நீட்டினேன் பாருங்கள்.

முக்கால் மணி நேரம் ஆற வைத்து, தண்ணீர் ஊற்றி, மெல்ல மெல்லச் சிரம்பான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. நாள் தவறிப் போயிற்று. இனி மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியெல்லாம், "காடிக்கு வயசாச்சு, நமக்கும் ஆச்சு" என்று என்னைத் தேற்றினார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அந்த மூன்று மாதத்தில் நான் பட்டறைக்கு அலைந்த கதையைக் கேளுங்கள். முதல் போமேன், தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று மாற்றினார். அடுத்தவர் ஃபேன் சுவிட்சை மாற்றினார். மறுபடியும் ஏற்றத்தில் கொதித்தது. மூன்றாவது இடத்தில் வாட்டர் பம்ப். ஆக மொத்தம் 450 வெள்ளி. இடையில் ஒருவர், "நம்ம நாட்டு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றி வீசிடலாம்" என்றும் யோசனை சொன்னார். இது நம் தோட்டங்களில் பரவிக் கிடக்கும் பேச்சு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எஞ்சின் ஏறத்தாழ 80, 90 பாகைச் சூட்டில் வேலை செய்யத்தான் அமைக்கப்பட்டது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் அது சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் அதிகம்.

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் தோட்டத்தில் முன்பு லோரி ஓட்டிய டிரைவர் மாமா. பட்டறைக்காரர்கள் எல்லாரும் "எவ்வளவு நாளா?" என்று கேட்டார்கள். மாமா ஒருவர்தான், "எந்த இடத்திலே சூடு ஏறுது, வாத்தியாரே?" என்று கேட்டார்.

எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. "பள்ளிக்கூடத்திலே பிள்ளைங்களுக்கு ரிப்போர்ட் எழுதுறீங்க இல்லே? காடிக்கும் எழுதுங்க" என்றார். ஒரு வாரம் எழுதினேன். பகாவ் டவுனில் கடைக்கு முன்னால் எஞ்சினை ஓடவிட்டு நின்றபோது முள் நடுவில். ஃபேன் சுழன்று சுழன்று நின்றது. ஜுவாசே நேர்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் நடுவுக்குச் சற்று மேலே. புக்கிட் பூத்துஸ் ஏற்றத்தில் சிவப்புக்குப் பக்கத்தில். பாரோய் பக்கம் இறங்கும்போது தானாகவே தணிந்தது.

மாமா நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: நின்றால் சூடேறி ஓடினால் தணிந்தால், குற்றம் ஃபேனில். ஓடும்போது காற்று தானாக வரும். நிற்கும்போது ஃபேன்தான் காற்று தர வேண்டும். புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே ஏறினால், தண்ணீர் குறைந்திருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டியிருக்கும். கீழே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் நிலைமை மோசம்: ஹெட் கேஸ்கெட். புகைக்குழாயில் வெள்ளைப் புகை விடாமல் வரும். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் மாறினாலும் அதே சந்தேகம்தான். இன்னொன்றும் சொன்னார், இது பலருக்குத் தெரியாது. கொதித்துக்கொண்டிருந்த காடியில் முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படக் கூடாது. முள்ளுக்குச் சேதி சொல்லும் கருவியைத் தொடுவதற்குக்கூட உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தம்.

என் காடி நின்றால் நலம், ஏறினால் நோய். எங்கள் லயத்துச் சாக்கடை மாதிரிதான் இதுவும். பாதி அடைத்திருந்தாலும் அன்றாடத் தண்ணீர் போய்விடும். பெருமழை பெய்தால்தான் வாசலுக்கு வரும். எஞ்சின் சும்மா ஓடும்போது சூடு கொஞ்சம்; நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஏர்கண்டிஷனும் போட்டு மலை ஏறும்போது சூடு பலமடங்கு. அடைத்த ரேடியேட்டர் அதை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது.

மாமா சொன்னபடி எஞ்சினைச் சூடாக்கி, அணைத்து, ஃபேனின் பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டு (மின் ஃபேன், எஞ்சின் நின்ற பிறகும் திடீரென்று சுழன்று விரலை வாங்கிவிடும்) ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தோம். ஓரம் சுட்டது, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குளிர்ந்து கிடந்தது. அங்கே தண்ணீர் ஓடவே இல்லை. கழற்றிக் கவிழ்த்தபோது துருவும் சேறும் தேயிலைத் தூள்போல் விழுந்தன. வெளியே, தகடுகளின் இடுக்கில் செம்மண் தூசியும் செத்த பூச்சிகளும். கூலண்ட் ஊற்றாமல் நான் வருடக்கணக்கில் பீலித் தண்ணீரும், அவசரத்துக்கு ஆற்றுத் தண்ணீரும் ஊற்றியதன் பலன் அது. மூன்று பட்டறைகளைத் திட்டிய வாய் அன்றைக்கு அடைத்துப் போனது. புது ரேடியேட்டர் 280 வெள்ளி.

வெளிநாட்டுப் புத்தகங்களில், காடி கொதித்தால் ஹீட்டரைத் திறந்துவிடு, சூடு குறையும் என்று எழுதியிருக்கும். நம் நாட்டுக் காடிகள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. ஏர்கண்டிஷனை அணைத்து, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திக் காத்திருப்பதுதான் நமக்கு வழி. ஆறுமுன் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் எஞ்சின் வெடிப்பு விடலாம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி புறப்பட்டோம். இம்முறை டிரைவர் மாமாவும் முன்சீட்டில். பெரியம்மாவின் காலடியில் நான்கு பெரிய போத்தல்களில் தண்ணீர். உலு பெண்டுல் தாண்டியதும் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். "முள்ளு எங்கே இருக்கு சார்?" என்று பெரியம்மா இரண்டு தடவை கேட்டார். நடுவில்தான் இருந்தது, மலை உச்சியிலும் அங்கேயே நின்றது. எட்டு மணிக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம்.

அடுத்த நாள் கண்கட்டு அவிழ்த்துத் திரும்பும் வழியில், அந்தப் போத்தல் தண்ணீரில்தான் உலு பெண்டுலில் கைகால் கழுவிச் சாப்பிட்டோம். பெரியம்மா காடியில் ஏறியதும் முன்பக்கம் எட்டி முள்ளைத் தாமே பார்த்தார்.