அக்காவின் பழைய போன்

சுங்கை பட்டாணியில் இருக்கும் ஓர் அக்காவிடம், அவருடைய போன் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். போனுக்கு ஒரு கேடும் இல்லை. அது எனக்கு அப்போது தெரியாது. ஆனால், சோதித்துப் பார்க்காமல் சொல்கிறேன் என்பது தெரியும்.

வேலை ஓய்வுக்குப் பிறகு கெடாவின் தஞ்சோங் டாவாயில் குடியிருக்கிறேன். மெர்போக் ஆறு கடலில் சேரும் இடம். காலையில் ஜன்னலைத் திறந்தால் காயப்போட்ட இக்கான் பிலிஸ் வாடை முதலில் வரும், காற்று பிறகுதான் வரும். பிறந்து வளர்ந்தது பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். நாங்கள் குடியிருந்த லயங்கள் இப்போது இல்லை. பாதி செம்பனை, பாதி தாமான் வீடுகள். மிஞ்சியவை அவரவர் டிரங்குப் பெட்டியில் கிடந்த படங்கள்தான். வீடு வீடாக ஏறி இறங்கி, வாங்கி, ஸ்கேன் செய்து 340 படங்கள் சேர்த்தேன். தீமிதி, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வாளியோடு நிற்கும் பெண்கள்.

ஃபேஸ்புக்கில் போட்டால் ஒரே நாளில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று தங்கை மகன் சொன்னான். எனக்கு வேறு கணக்கு. என் வீட்டிலேயே சர்வர் வைத்து, அதிலிருந்து உலகத்துக்கே காட்ட வேண்டும். 1999-இல் தொழிற்சாலை என்னை நெட்வொர்க்கிங் வகுப்புக்கு அனுப்பியது. அந்தச் சான்றிதழ் இன்னும் சட்டம் போட்டு முன்னறையில் தொங்குகிறது. தோட்டத்துக்காரர்கள் மத்தியில் நான் 'கம்ப்யூட்டர்காரர்'. அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டுமே.

பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸும் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் நிரலும் போட்டேன். கடல் காற்றில் அதன் திருகாணிகளெல்லாம் துரு. மூடி சரியாக மூடாது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திறந்தால் பக்கம் அழகாக வந்தது. இனி வெளியே இருப்பவர்களுக்கு வழி விட வேண்டும். அதற்குத்தான் போர்ட் ஃபார்வர்டிங்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. எங்களில் யாருக்கும் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே கிராணி என்ற எழுத்தர் பிரித்து, இது மூன்றாம் லயம், இது ஆறாம் லயம் என்று கொடுப்பார். ரௌட்டர்தான் கிராணி. வெளியுலகத்துக்கு வீட்டின் ஒரே முகவரி தெரியும். உள்ளே போன், டிவி, கணினி எல்லாம் 192.168 என்று தொடங்கும் லய எண்களில் குடியிருக்கும். '80 என்று, அதாவது வலைப் பக்கத்துக்கான கதவு எண்ணைப் போட்டு, வரும் கடிதத்தை 192.168.0.105-க்குக் கொடு' என்று கிராணியிடம் எழுதி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

எழுதி வைத்தேன். அன்று சாயங்காலமே ஜெராய் மலைப் பக்கம் இடி இடித்து மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது ரௌட்டர் மடிக்கணினிக்கு 108 என்ற எண்ணைக் கொடுத்துவிட்டது. கடிதம் 105-ஆம் லயத்துக்கே போய்க்கொண்டிருந்தது, அங்கே ஆள் இல்லை. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. எண் மாறாதபடி மடிக்கணினிக்கு ஒதுக்கி வைத்தேன். இந்தப் பகுதியில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் நடப்பதுதான்.

வெட்கம் அதற்கு அப்புறம்தான். வெளி முகவரி எண்ணை யார் நினைவில் வைத்திருப்பார்கள் என்று, எண் மாறினாலும் பெயர் மாறாத டைனமிக் டிஎன்எஸ்ஸில் ஒரு பெயர் வாங்கி, ரௌட்டரிலேயே பதிந்தேன். என் போனில் அந்தப் பெயரைத் தட்டினேன். திறந்தது. மனைவி போனிலும் திறந்தது. உடனே வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டேன்.

இரண்டு போன்களும் வீட்டு வைஃபையில் இருந்தன.

முதலில் கூப்பிட்டது அந்த அக்கா. எங்கள் எதிர் லயம். அவருடைய அம்மா ஆயாக்கொட்டாயில் ஆயா. காலையில் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் எங்களையெல்லாம் அவர் மடியில்தான் விட்டுப் போவார்கள். அந்த அம்மாவின் படம் அக்காவிடம் ஒன்றுகூட இல்லை. வேறொரு வீட்டுப் பெட்டியில் எனக்குக் கிடைத்தது: இரண்டு தொட்டில்களுக்கு நடுவே, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் அலுமினியக் குவளை.

"தம்பி, சுத்திக்கிட்டே இருக்கு, வரமாட்டேங்குதே."

"எனக்கு நல்லா திறக்குதுக்கா. உங்க போன் ரொம்பப் பழசு. அதான்."

ஒரு வினாடியில் சொல்லிவிட்டேன். அடுத்து கூலிமிலிருந்து ஒருவர், பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர். கூலிம்காரருக்கு லைன் சரியில்லை, பட்டர்வொர்த்காரருக்குத் தட்டத் தெரியவில்லை. எல்லோரிடமும் குறை இருந்தது, என்னிடம் தவிர.

இணையச் சேவைக்காரர்களைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். போனை எடுத்த பெண் நிதானமாக ஒரே கேள்வி கேட்டாள்: "அங்கிள், ரௌட்டரோட ஸ்டேட்டஸ் பக்கத்தில வேன் ஐபின்னு இருக்குமே, அது எந்த எண்ணில தொடங்குது?" நான் பார்க்கவில்லை. "நீ பிறக்கறதுக்கு முன்னேயிருந்து நான் இந்த வேலை பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 100.72 என்று தொடங்கியது. என் படிப்பு இங்கேதான் காலை வாரியது. வீட்டுக்குள் மட்டும் புழங்கும் எண்கள் மூன்று வகை: 10-இல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். 100 அதில் இல்லை. அப்படியானால் வெளி முகவரிதான் என்று முடிவு கட்டினேன். 1999-இல் அது சரி. ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி கையிருப்பின் கடைசித் தொகுதிகளைக் கண்டங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பங்கும் அடிமட்டத்துக்கு வந்தது. 2012-இல் 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களைச் சேவை நிறுவனங்களின் உள்புழக்கத்துக்கென்று ஒதுக்கினார்கள். இந்த எண்களை வைத்துச் செய்யும் ஏற்பாட்டின் பெயர் சிஜிநாட். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரி. தோட்டத்துக் கணக்கில் சொன்னால், தோட்டத்து ஆபீசுக்கே தபால் முகவரி இல்லை. பட்டணத்தில் இருக்கும் பெரிய ஆபீசுக்குத்தான் கடிதம் வரும், அந்தக் கிராணிக்கு என் லயம் தெரியாது. நான் இந்தக் கிராணியிடம் ஆயிரம் தடவை எழுதி வைத்து என்ன புண்ணியம்?

வீட்டுக்குள் அந்தப் பெயர் திறந்த மாயமும் அதுவே. ரௌட்டர் தன் 100.72 எண்ணைத்தான் பெயரோடு பதிந்திருந்தது. வைஃபையில் இருக்கும் போன் அந்த எண்ணைக் கேட்டால், 'இது நான்தானே' என்று ரௌட்டர் உள்ளேயே திருப்பி விட்டுவிடும். கடிதம் வாசலைத் தாண்டவே இல்லை.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் செய்தது வேறு. மடிக்கணினியின் ஃபயர்வாலை அணைத்தேன். அதுவும் போதாமல் ரௌட்டரில் டிஎம்இசட் என்பதைப் போட்டேன். 80 மட்டும் அல்ல, எந்தக் கதவைத் தட்டினாலும் மடிக்கணினிக்கே அனுப்பு என்று அர்த்தம். உள்ளே நுழையக் கடவுச்சொல் 'கடாரம்' என்பதோடு 1025. ராஜேந்திர சோழன் படை வந்த ஆண்டு. கெடாவில் எந்தத் தமிழனும் மூன்றாவது முயற்சியில் சொல்லிவிடுவான்.

தீபாவளிக்குத் தங்கை மகன் வந்தான். முழுவதும் கேட்டுவிட்டு, "மாமா, வைஃபைய அடைச்சிட்டுத் திறந்து பாருங்க" என்றான். அடைத்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது, அக்கா சொன்ன மாதிரியே. அவன் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

இணையச் சேவைக்காரர்களிடம் வெளி முகவரி வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டேன், கொடுத்தார்கள். அன்றிரவு ரௌட்டரை அணைத்துப் போட்டதும் வைஃபை இல்லாமலே பக்கம் திறந்தது. சந்தோஷத்தில் டிஎம்இசட்டை மறந்து தூங்கிவிட்டேன். இத்தனை நாள் சிஜிநாட்தான் என்னைக் காவல் காத்திருக்கிறது. காலையில் லாகைத் திறந்தால், தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் 22-ஆம் கதவை இரவெல்லாம் எவனெவனோ தட்டியிருக்கிறான். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு என்று பெயர் பெயராக, சில நொடிக்கு ஒரு தடவை. இவர்களுக்கு என் மேல் பகை இல்லை. உலகத்தில் உள்ள எல்லா எண்ணையும் இயந்திரம் வைத்துத் தட்டுகிறார்கள். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல், ஆலையிலிருந்து வந்த 60 சொச்சம் கடவுச்சொற்களை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. கடாரம் அவர்கள் பட்டியலில் இல்லாததால் தப்பித்தேன். காபி குடிப்பதற்கு முன் டிஎம்இசட்டை எடுத்தேன், ஃபயர்வாலைப் போட்டேன், 80 மட்டும் திறந்திருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றினேன். புதியது என்னவென்று இங்கே எழுத மாட்டேன்.

அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். அம்மாவைப் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு சொன்னார்: "நீங்க சொன்னது சரிதான் தம்பி. பழசு கெட்டுத்தான் போயிருக்கு. போன வாரம் மகன்கிட்ட சொல்லிப் புதுசு வாங்கினேன், 499 வெள்ளி. இப்ப பளிச்சுன்னு தெரியுது."

"நல்லதுக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பழையதை எனக்கே கொடுத்தனுப்பியிருக்கிறார், ஏதாவது உதிரிப்பாகத்துக்கு உதவும் என்று. மூலையில் கீறல், பின்னால் முருகன் ஸ்டிக்கர். என் சிம்மை அதில் போட்டு, வைஃபையை அடைத்து, பக்கத்தைத் திறந்தேன். மூன்று வினாடியில் வந்தது.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.