வரவு செலவும் விசுவாசமும்

பணத்தைப் பற்றிப் பேசுவது ஞாயிறு வகுப்புக்கு அடாத செயல் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். செபமும் ஞானோபதேசமும் கோயிலுக்கு உரியன. கொடுக்கல் வாங்கல் கடைத்தெருவுக்கு உரியது என்பது அவர்தம் கொள்கை. கொட்டாஞ்சேனையில் சில ஆண்டுகளாக வாலிப மாணாக்கருக்கு மறைக்கல்வி கற்பித்துவரும் நாம் அக்கொள்கையை ஏற்பதற்கில்லை.

2022 ஆம் ஆண்டை யாரும் மறந்திரார். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதமாயிற்று. முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கியவற்றுக்கு ஏறக்குறைய 170 ரூபா கொடுக்க நேர்ந்தது. அந்நாளில் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்த பின் தனியே வந்து, "சேர், கடன் தீர மன்றாடினால் மட்டும் போதுமா?" என்று கேட்டாள். தங்கையின் புதுநன்மை விருந்துக்காக வீட்டார் 20,000 ரூபாவை மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கியிருந்தனர்.

அடுத்த வாரம், எவரையும் சுட்டாமல், அத்தகையதொரு கடனைக் கரும்பலகையில் எழுதினோம். மாத வட்டி 2,000 ரூபா; ஓராண்டில் 24,000. வாங்கியதிலும் மிகுதியாகக் கட்டிய பின்னரும் முதல் அப்படியே நிற்கிறது! வகுப்பு வாயடைத்துப் போயிற்று.

அதன்பின் வேதாகமத்தைத் திறந்தோம். கோபுரம் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாவோ என்று ஆண்டவர் வினவுவது லூக்கா 14 ஆம் அதிகாரத்தில் உண்டு. மத்தேயு 25 இல் வரும் தாலந்து பாட்டுத் திறமையன்று. ஒரு கூலியாளின் ஏறக்குறைய இருபது ஆண்டு ஊதியத்துக்கு ஈடான பெருந்தொகை. ஏழையிடம் வட்டி வாங்கலாகாது என்று விதிப்பதும் அதே வேதாகமந்தான். ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இட்ட இரண்டு காசும் அவளுடைய சொந்தக் காசே. அயலார் மெச்சுவதற்காகக் கடன் வாங்கிய காசன்று.

வெள்ளவத்தையிலுள்ள மெதடிஸ்த நண்பர் ஒருவர் நமக்கு நினைவூட்டியது இது: ஜோன் வெஸ்லி 1760 இல் வெளியிட்ட பிரசங்கமொன்றில் நேர்மையாய் ஈட்டலையும், சேமித்தலையும், ஈதலையும் ஒன்றாகப் பிணைத்தார். ஈதலில் முடியாத சேமிப்பு அவருக்கு உவப்பானதன்று.

இம்மூன்றையும் பழக்கத்தில் கொணர, மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு கொப்பியில் ஒரு மாதம் கணக்கெழுதினர். பஸ் கட்டணம், சிற்றுண்டி, கைத்தொலைபேசி, சேமிப்பு, தருமம் என ஐந்து பத்திகள். தருமப் பத்தி வெறுமையாய்க் கிடக்கக் கண்டு நாணியோர் சிலர். கைத்தொலைபேசிப் பத்தி நிரம்பி வழியக் கண்டு திகைத்தோர் பலர். எவரையும் நாம் கடிந்திலோம், கொப்பியே கடிந்தது.

அம்மாணவி தன் கணக்கைத் தாயிடம் காட்டினாள். தாய் தம் காப்பை வங்கியில் அடகு வைத்து வட்டிக்காரரின் கடனை அடைத்தார். வங்கி வட்டி அதனிலும் மிகக் குறைவு. பின்னர் தம்பியின் புதுநன்மை நாளில் அவ்வீட்டில் தேநீரும் கேக்கும் மட்டுமே. மகிழ்ச்சிக்குக் குறைவில்லை.

கணக்கில்லாச் செபம் வீட்டை வட்டிக்காரர் கையில் ஒப்புவிக்கும். செபமில்லாக் கணக்கு நெஞ்சை இரும்பாக்கும். பிள்ளைகளுக்குச் செபமாலை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், கூடவே ஒரு கணக்குக் கொப்பியும் வாங்கிக் கொடுப்பார்களாக.